தியான முகாமுக்குத் தனியாக மலையேற: காரா, பைக்கா?

ஒரே மலையூர், ஒரே பத்து நாள் மௌன முகாம். முதல் தடவை காரில் போனேன், இரண்டு வருடம் கழித்து பைக்கில். இரண்டு தடவையும் தனியாகத்தான். மூன்றாவது தடவை போனால் பைக்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன், அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

காருக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது எல்லாமே சரிதான். மழையில் நனைய மாட்டோம், அசந்தால் ஓரங்கட்டிச் சீட்டைச் சாய்த்துக் கொஞ்சம் கண்ணயரலாம், விழுந்து அடிபடும் பயம் இல்லை. சாமான் நிறைய ஏற்றலாம் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. முகாமுக்குத் தேவை நாலு செட் துணியும் ஒரு போர்வையும், அதற்கு எதற்கு டிக்கி?

என் முடிவை மாற்றியது வேறு விஷயம். சாதாரணச் சுற்றுலாவில் தினமும் ஒரு தடவையாவது வண்டியை எடுப்போம். இங்கே அப்படியில்லை. போய்ச் சேர்ந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு, போனையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால் பதினோராம் நாள் காலையில்தான் வெளியே வருவோம். அதுவரை வண்டி குளிரிலும் ஈரத்திலும் அப்படியே நிற்கும்.

கார் அணைந்திருந்தாலும் பூட்டு, அலாரம், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, 11 நாளில் 13-ஐத் தாண்டிவிடும். சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். புது பேட்டரி தாங்கும். என்னுடையது நாலு வருடப் பழசு, போதாததற்குக் குளிர். குளிரில் பேட்டரியும் சோர்ந்துவிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிச் சுழலவிடாது. மௌனம் கலைந்த கையோடு நான் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசிய முதல் வாக்கியம் “ஜம்பர் கேபிள் இருக்கா?” என்பதுதான் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ணும் வயர் அது). பத்து நாள் சேர்த்துவைத்த நிதானம் பத்து நிமிஷத்தில் போச்சு.

அதோடு முடியவில்லை. ஸ்டார்ட் ஆன பிறகும் பின்சக்கரம் ஒன்று உருளவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தேன், ஈரத்தில் சக்கரத்தின் பிரேக் டிரம் துருப்பிடித்து, உள்ளே அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ அதோடு ஒட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் நாலு தடவை அசைத்த பிறகு ‘டப்’பென்று விட்டது. செய்திருக்க வேண்டியது என்னவென்றால், சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லாக முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். சரிவில்தான் இடம் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம், ஹேண்ட் பிரேக் ஒட்டினாலும் பரவாயில்லை, வண்டி உருளாமல் இருப்பதுதான் முக்கியம்.

பைக் இந்த விஷயத்தில் சாது. என்னுடையது கிக்கர் உள்ள பழைய கார்புரேட்டர் வண்டி. டேங்கை நிரப்பி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, உறையைப் போர்த்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து மூணாவது உதையில் எடுத்துவிட்டது. கிக்கரும் இல்லாவிட்டால் என்ன, இரண்டாம் கியரில் போட்டு இறக்கத்தில் உருட்டினால் போதும், மலையூரில் இறக்கத்துக்கா பஞ்சம்? ஆனால் புது ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் பம்ப்பே பேட்டரியில்தான் ஓடுகிறது, அது சுத்தமாக இறங்கிவிட்டால் உருட்டியும் பிரயோஜனம் இல்லை.

பைக்கில் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும், 2000 மீட்டரில் இருக்கும் ஊரில் கடல்மட்டத்தைவிட 13 டிகிரி குளிர், அதற்கு மேல் எதிர்காற்று வேறு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும் (காருக்கும் இதே கதிதான்), சின்ன வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முனகும். இறங்கினதும் உள்ளங்கையில் அதிர்வு அடங்கவே சில மணி நேரம் ஆகும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து தினமும் பத்து மணி நேரம் சம்மணம் போட்டு உட்காரப் போகிற இடுப்பு அது. அதனால் ஒரு நாள் முன்பே போய் ஊரில் தங்கி, சும்மா நடந்துவிட்டு, அப்புறம் முகாமுக்குப் போனேன்.

இறங்கும்போது இரண்டுக்கும் ஒரே விதி: எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. பத்து நாள் மௌனத்துக்குப் பிறகு பைக்கில் நாற்பதே எண்பது மாதிரி இருந்தது. முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே வந்தேன்.

பனி உறைந்த சாலையில் நான் பைக் ஓட்டியதே இல்லை, அந்தப் பருவத்தில் போவதாக இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள், காரையே எடுங்கள். எடுத்தால் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், உள்ளே போகும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்னால் சாவி காருக்குள் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.