எச்81 மதர்போர்டில் ஜிடிஎக்ஸ் 1650: ஒரு மதிப்புரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கான டிசைன்களை வரைந்து கொடுக்கும் எங்கள் பட்டறையில், நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸரும் இன்டெலின் எச்81 சிப்செட் கொண்ட மதர்போர்டும் (தாய்ப்பலகை) உள்ள பழைய கணினி ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பிராசஸரிலும் ராமிலும் குறையில்லை. முப்பரிமாண மாதிரியைத் திரையில் சுழற்றும்போது மட்டும் பிராசஸரோடு வந்த உள்ளமை கிராபிக்ஸ் திணறியது. அதற்காக ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கிய, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது இந்த மதிப்புரை.

பழைய கணினிக்கு முதல் கேள்வி மின்சாரம். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நான் என்றுமே நம்பியதில்லை. மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சமாக 75 வாட் தரும்; 1650இன் தேவையும் அதே 75 வாட் என்பதால், தனி மின்வயர் இல்லாமலேயே கார்டு இயங்கிவிடுகிறது. ஆனால் சில நிறுவனங்கள் இதே கார்டை தனி மின்வயருக்கான ஆறு முள் இணைப்போடும் விற்றிருக்கின்றன. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்க்காமல், கார்டின் மேல்விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் வேறு சில கார்டுகளையும் காட்டினார்கள். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. அவற்றில் டிடிஆர்4 நினைவகம் கொண்டது, ஜிடிடிஆர்5 கொண்டதைவிட வெகுவாகப் பின்தங்குகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்டில் இயங்குவதால் ஆசை காட்டியது. ஆனால் அது ஸ்லாட்டில் தரவு ஓடும் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அந்த நான்கு தடங்களே நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்திவிடும். எச்81 போர்டிலோ ஸ்லாட் இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. அங்கே அதே நான்கு தடங்கள் 2 ஜிபிதான் கடத்தும். பதினாறு தடங்கள் கொண்ட 1650க்கு இந்தப் பழைய ஸ்லாட்டிலும் 8 ஜிபி கிடைக்கிறது.

உண்மையான போட்டி ஜிடிஎக்ஸ் 1050 டிஐயோடுதான். அதற்கும் 75 வாட், அதற்கும் 4 ஜிபி நினைவகம், விலையும் குறைவு. “அண்ணே, இதுவே போதும்” என்று கடைத் தம்பி அதைத்தான் எடுத்து நீட்டினார். நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர். 1050 டிஐ, என்விடியாவின் பாஸ்கல் என்ற சிப் தலைமுறையைச் சேர்ந்தது; மேக்ஸ்வெல் அதற்கு முந்தையது. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கொரு முறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். 2019இல் வெளிவந்த 1650 அடுத்த தலைமுறையான டூரிங் என்பதால் இந்தக் கட்டுக்குள் வரவில்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸிலும் இந்த வேறுபாடு தெரிகிறது: என்விடியா 2022இல் வெளியிட்ட திறந்த மூலக் கர்னல் டிரைவர், டூரிங்கும் அதற்குப் பிந்தையவையுமான கார்டுகளுக்கே பொருந்தும். விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் எங்கள் பிராசஸருக்கு இடமில்லை, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்ற நிலையில், லினக்ஸை மனத்தில் வைக்காமல் இப்படிப்பட்ட கணினிக்குச் செலவு செய்வது சரியாக எனக்குப் படவில்லை. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 1650ஐத் தொடவே வேண்டாம். அதற்கு 64 பிட் டிரைவர் மட்டுமே உண்டு.

பொருத்துவது எளிது. கார்டின் இரட்டை அகல உடல், ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள்களின் மேல் சாய்ந்தது. அவற்றை ஒதுக்கிக் கட்டியபின் ஸ்லாட்டின் முனைக் கொக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. பழைய மானிட்டரில் விஜிஏ என்ற அனலாக் இணைப்பு மட்டுமே இருந்தால் கூடுதல் செலவு உண்டு. கார்டு அனலாக் சிக்னலைத் தருவதே இல்லை என்பதால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை. டிரைவர் நிறுவும்போது இணைய வயரைக் கழற்றிவைப்பது நல்லது. இல்லையென்றால் நாம் ஒரு பதிப்பை நிறுவிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்குப் பழைய பதிப்பொன்றை இறக்கிவிடும். வேறு கார்டு இருந்த கணினியானால், விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கி, டிரைவரை முழுவதும் நீக்கும் டிடியூ மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது ஆயிரக்கணக்கான முகங்கள் கொண்ட கொலுசு மாதிரியும் தயங்காமல் சுழல்கிறது. நகாசு மிகுந்த மாதிரியை ரெண்டர் செய்யும்போது 4 ஜிபி நினைவகம் நிரம்பிவிடுவது இதன் தெளிவான குறை. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் விசிறி இரைகிறது. கேபினெட்டின் பின்விசிறியை மாற்றியபின் ஓரளவு அடங்கியது.

பயன்படுத்திய கார்டை வாங்குபவர்கள் கடையிலேயே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மிகப் பழைய சிப் கொண்ட கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளை) மாற்றி, புதிய கார்டின் பெயரில் விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. அந்த மென்பொருள் அவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டிவிடும். எங்களுக்கு விற்றவர் கேட்குமுன்பே ஓட்டிக் காட்டினார்.