காய்கறி ரொட்டிக்குக் கேழ்வரகா, சோளமா?
கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காய்கறி ரொட்டி என்றால் நான் முதலில் எடுப்பது கேழ்வரகு மாவுதான். வெங்காயம், துருவிய கேரட், முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். மாவு கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை; எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, சூடு ஏறியதும் இலையை உரித்தால் பிய்யாமல் வரும்.

சோளம் அப்படியில்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிசைந்தால்தான் சேர்ந்து வரும். சுரைக்காயைப் பிழிந்துதான் போட வேண்டும். ஆனால் வெந்தயக்கீரையின் கசப்போடு சோளத்தின் லேசான இனிப்பு அருமை! சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் விறைத்துவிடும்.

அப்புறம், எந்த மாவானாலும் பெருங்காய டப்பாவைப் படித்துப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு இருக்கும். மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரைத்து வாங்கவும் வேண்டாம்.