எரிமலைக்குப் போகிறீர்களா? எதுவரை என்று முதலில் கேளுங்கள்

போன ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாலித் தீவுக்குப் போய் வந்தோம். நானும் மனைவியும் பதினொரு வயது மகனும். விமானச் சீட்டிலும் ஹோட்டலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை விட்டது ஒருநாள் எரிமலைப் பயணத்தில்தான். வன்னியில் எங்கள் ரவுணிலேயே கடை வைத்திருக்கிற ஒரு முகவரிடம் பதிந்தோம். பெயரைப் போடவில்லை. ஆனால் இதே பயணத்தை இன்னும் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் குளக்கட்டுத்தான். இரணைமடுக் கட்டில் ஏறி நின்றாலே என் மகனுக்குப் பெரிய புளுகம். அவனுக்கு முன்னால் வைத்து முகவர் சொன்னார்: "அண்ணை, விடியப்புறம் ரெண்டு மணிக்கு வான் வரும். உச்சியில நிண்டு சூரியன் எழும்புறதைப் பாப்பியள். மலைக்குள்ளயிருந்து வாற ஆவியில முட்டை அவிச்சுத் தருவாங்கள். சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் இந்தக் காசுக்குள்ள." மூன்று பேருக்கும் 84,000 ரூபா. பற்றுச்சீட்டில் 'வொல்கேனோ டே ட்ரிப் – 3' என்று மட்டும் எழுதித் தந்தார். நானும் மடித்துப் பொக்கற்றில் வைத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

அன்றிரவு மகன் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்தான். பதினொன்றரைக்கு முகவரிடமிருந்து வட்ஸ்அப்: 'நேரம் மாறிட்டுது, காலை 9.' ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஒன்பதுக்கு வான் வந்தது. நேரே மலைக்குப் போகும் என்று பார்த்தால், முதலில் பத்திக் துணிக்கடை. பிறகு வெள்ளி நகைக்கடை. அப்புறம் ஒரு கோப்பித் தோட்டம். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் போடுகிற கோப்பியாம். வாசலில் ஒரு கூட்டுக்குள் அந்தப் பூனை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தது. மகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கோப்பி குடிக்க எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை.

எரிமலை இருக்கிற கிந்தாமணிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி. (சிந்தாமணி என்று மனைவி கடைசிவரை சொன்னாள்.) வான் நின்ற இடத்தின் பெயர் பெனலோகான். 'பார்க்கிற இடம்' என்று அர்த்தம் என்றார் சாரதி. அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் வந்தது பார்க்கத்தான், ஏற இல்லை. 1,717 மீற்றர் உயரமான பாத்தூர் எரிமலை பள்ளத்துக்கு அப்பால் பாதி முகிலுக்குள் நின்றது. அடிவாரத்தில் பழைய எரிமலைக் குழம்பு, சேனை எரித்த காணி மாதிரிக் கன்னங்கரேலென்று கிடந்தது.

"அப்பா, இவ்வளவுதானா?"

சாரதியில் பிழை இல்லை. அவருக்கு வந்த பதிவைப் போனில் காட்டினார். 'காட்சி மட்டும்' என்றே இருந்தது. உச்சிக்குப் போக இருட்டோடு வெளிக்கிட்டு இரண்டு மணித்தியாலம் அளவில் ஏற வேண்டுமாம், அந்த ஊர் வழிகாட்டிகள் இல்லாமல் விடமாட்டார்களாம். நல்ல மனிதர். 1926இல் மலை வெடித்துப் பாத்தூர் ஊரை மூடியபோது சனங்கள் கோயிலையும் சேர்த்து மேலே பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்த கதையை அவர்தான் சொன்னார். இடம்பெயர்ந்த சனங்களின் கதை என்பதாலோ என்னவோ, அந்த நாளில் மனதில் நின்றது அது ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் திரும்பவும் நாங்களே காசு கட்டினோம்.

ஊருக்கு வந்து கடைக்குப் போனேன். "எரிமலை தெரிஞ்சதுதானே அண்ணை?" என்றார். காசைப் பற்றிக் கதைக்கவே இல்லை. சரி, நாங்கள் போன அன்று மலையின் எச்சரிக்கை நிலை என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நாலு நிலை அறிவிப்பார்கள்: நோர்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். மேலே போகப் போக ஆபத்து. பாத்தூர் கடைசியாகச் சீறியது 2000இல். நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது அங்கே நின்ற 47 பேரில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலும் எங்களைப் போலக் காசு கட்டி வழிகாட்டியோடு போன சனங்கள்தான். இதொன்றும் தெரியாத ஆள் என் பிள்ளையை உச்சிக்கு ஏற்றுவேன் என்று காசு வாங்கியிருக்கிறார். ஏற்றாமல் விட்டதே நல்லது என்றாள் மனைவி.

நீங்கள் பதிவதென்றால் விளிம்பா, உச்சியா, குழம்பு கிடக்கிற அடிவாரமா என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வான் வருகிற நேரத்தையும், கடைகளில் நிறுத்துவார்களா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள்.

இன்னொன்று. பெனலோகானில் எடுத்த படம் ஒன்றை 'சேர்ந்துவிட்டோம்' என்று முகவருக்கு அனுப்பியிருந்தேன். அதை அவர் தன் பேஸ்புக் பக்கத்தில் 'எரிமலை உச்சியில் எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்று போட்டிருக்கிறார். எடுக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டேன், இன்னும் கிடக்கிறது. பின்னால் முகில், நடுவில் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஒரு பெடியன். கண்டால் அது நாங்கள்தான்.