ஆறு வருடமாகக் கைமாறும் குழல்கள்

என் இழுப்பறையில் இப்போது நான்கு குழல்கள் கிடக்கின்றன. கடையில் புதிதாக வாங்கியது அவற்றில் ஒன்றுதான். மற்றவை எல்லாம் யாரோ ஊதிச் சலித்தோ, ஊத வராமல் சலித்தோ என்னிடம் தள்ளிவிட்டவை. நானும் அப்படித் தள்ளிவிட்டிருக்கிறேன். சிலவற்றைக் கொடுத்த அன்றைக்கே வருத்தப்பட்டும் இருக்கிறேன்.

நாங்கள் ஆறேழு பேர். மேடை ஏறுகிறவர்கள் யாரும் இல்லை. ரெக்கார்டர், டின் விசில் என்று நுனியில் வாய் வைத்து ஊதும் இரண்டு மேலைநாட்டுக் குழல்களின் மேலும்தான் பைத்தியம். ஆரம்பத்தில் சந்தித்த இடத்திலேயே இரண்டு நிமிடம் ஊதிப் பார்த்து, பிடித்தால் மாற்றிக்கொள்வோம். முதல் வருடம் அப்படி மாற்றியவற்றில் பாதிக்கு மேல் பழைய இடத்துக்கே திரும்பின. பிறகுதான் ஒரு மாத இரவல் என்ற ஏற்பாடு வந்தது. வீட்டில் வைத்து ஒரு மாதம் ஊதிப் பார், அப்புறம் பேசலாம்.

இரண்டு நிமிடச் சோதனையில் ஏன் ஏமாந்தோம் என்பது புரியவே எனக்கு நாளாயிற்று. புல்லாங்குழலில் காற்றை உதடு வடிவமைக்கிறது. ரெக்கார்டரிலும் விசிலிலும் அந்த வேலையை ஊதுவாய்க்குள் இருக்கும் குறுகிய காற்றுப்பாதையே செய்துவிடுகிறது. நம் கையில் மிஞ்சுவது எவ்வளவு அழுத்தி ஊதுகிறோம் என்பது மட்டும். அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒவ்வொரு குழலும் தனக்கென்று ஓர் அழுத்தம் கேட்கும். புதிய குழலை எடுத்ததும் பழைய குழலுக்குப் பழகிய மூச்சைத்தான் ஊதுகிறோம், அது பொருந்தாவிட்டால் குழல் சரியில்லை என்கிறோம். என் மூச்சு ஒரு புதுக் குழலுக்கு இறங்கிவர இரண்டு வாரமாவது பிடிக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரலாம்.

இதற்கு நல்ல உதாரணம் லோ விசில். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விசில் செய்பவர் பெர்னார்ட் ஓவர்டன் அலுமினியக் குழாயில் செய்ததிலிருந்து பரவிய வகை இது. டி சுரத்தில் தொடங்கும் சாதாரண டி விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும், நீளமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவல் வந்த முதல் வாரம் எனக்கு அது வெறும் காற்றுக்குழாய்தான். துளைகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தன, விரல் நுனியால் மூட முடியவில்லை. நுனிக்குப் பதிலாக விரலின் நடுப்பகுதியைத் தட்டையாக வைத்து மூட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், யோசிக்காமலே விரல்கள் போய் உட்கார்ந்தன. பழைய முறைப்படி என்றால் இரண்டாம் நிமிடத்திலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது அது என் இழுப்பறையில் இருக்கிறது. பதிலுக்கு நான் கொடுத்தது நன்றாகப் பேசும் ஒரு மர சோப்ரானோ, அதாவது உயர்ந்த குரலுள்ள சிறிய ரெக்கார்டர். லாபமா நஷ்டமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

புதிதாக வாங்கினேன் என்ற அந்த ஒன்று யமஹாவின் ஒய்ஆர்எஸ் 24பி, பிளாஸ்டிக் சோப்ரானோ. ஆறு வருடத்தில் இதற்கு நான் செய்த பராமரிப்பு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவியது மட்டுமே. சுருதி அப்படியே நிற்கிறது. வேறு எந்தக் குழலைச் சந்தேகப்பட்டாலும் முதலில் இதை எடுத்து ஊதி என் காதைச் சரிபார்த்துக்கொள்கிறேன். குரலில் பெரிய நெளிவு சுளிவு இருக்காது, அது உண்மைதான். ஆனால் ஒருமுறை நாங்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேட்டபோது, இது பேரிக்காய் மரம்தான் என்று நான் அடித்துச் சொன்னது இந்த பிளாஸ்டிக்கைத்தான். அன்றிலிருந்து மரத்தின் இனிமை பற்றி யாராவது நீளமாகப் பேசினால் நான் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் அந்த பேரிக்காய் மர ஆல்ட்டோ, சோப்ரானோவைவிடப் பெரியது, குரலும் தாழ்ந்தது. இரவல் வந்தபோது இருபது நிமிடம் ஊதினால் போதும், குரல் கம்மிவிடும். ஈரம் காற்றுப்பாதையில் முத்து முத்தாகத் தங்குவது எல்லா ரெக்கார்டருக்கும் உள்ளதுதான். இது அளவுக்கு மீறி அடைத்தது. விசாரித்ததில், முந்தைய உரிமையாளர் பாசத்தோடு எண்ணெயை ஊதுவாய் வரைக்கும் பூசியிருக்கிறார். ஆளி விதை எண்ணெயோ பாதாம் எண்ணெயோ குழாயின் உட்பக்கத்துக்கு மட்டும். காற்றுப்பாதையிலும், அதன் தரையாக இருக்கும் செடார் கட்டையிலும் படவே கூடாது. அந்தக் கட்டை ஈரத்தை உறிஞ்சினால்தான் குரல் தெளிவாக நிற்கும். எண்ணெய் பட்ட கட்டை ஈரத்தை ஏற்காது. கடைசியில் குழல் செய்யும் ஒருவரிடம் கொடுத்துக் கட்டையை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. நானாகத் தட்டி எடுக்க ஒரு மரச் சுத்தியல் வரைக்கும் கையில் எடுத்தேன். நல்ல வேளை, வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு புதுக் குழலைப் போலவே பழக்கினேன். முதல் இரண்டு வாரம் தினமும் கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஊதும் முன் தலைப்பகுதியைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன், முடிந்ததும் துணியால் துடைத்து, காற்றாட வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன். இப்போது முக்கால் மணி நேரம் தாங்குகிறது. கீழ் எஃப் சுரத்தை மெதுவாக ஊதும்போது மேசை மேல் வைத்த உள்ளங்கை வரைக்கும் அதிர்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், அதனால் சொல்வதில்லை.

மாற்றுவதற்கு முன் கேட்காமல் விட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு சோப்ரானோவில் எஃப் மட்டும் இறங்கி அழுதது. எங்கேயோ விரிசல் என்று நினைத்து விளக்கடியில் பிடித்துத் தேடினேன். விரிசல் எங்கேயும் இல்லை, அது ஜெர்மன் விரல் வைப்பு. 1920களில் ஜெர்மன் இசைக்கருவி செய்பவரான பீட்டர் ஹார்லன் கொண்டுவந்த முறை அது. எஃப் சுரத்துக்கு விரல் வைப்பது எளிதாகிறது, அதற்கு விலையாக எஃப் ஷார்ப் போன்ற சுரங்கள் தடுமாறுகின்றன. பரோக் என்ற வழக்கமான விரல் வைப்பு முறைக்குப் பழகிய என் விரல்கள் கூடுதலாக இரண்டு துளையை மூடிக்கொண்டிருந்தன. முன்பக்கத் துளைகளில் நான்காவதையும் ஐந்தாவதையும் பாருங்கள், ஐந்தாவது சின்னதாக இருந்தால் ஜெர்மன். அதேபோல ஏ சுரத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸா 415 ஹெர்ட்ஸா என்றும் கேட்டுவிடுங்கள். 415 என்றால் ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, தான்தான் தப்பாக வாசிக்கிறேன் என்று அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒப்பிடும்போது சூட்டையும் கவனிக்க வேண்டும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சட்டைப்பையிலிருந்து வந்த குழலையும் குளிர்ந்த மேசையில் கிடந்த குழலையும் அடுத்தடுத்து ஊதி, எது சுருதி சுத்தம் என்று நாங்கள் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

டின் விசில் பக்கம் எனக்குக் கிடைத்த பாடம் வேறு. பிளாஸ்டிக் தலையும் பித்தளைக் குழாயுமாக ஒரு டி விசில் வைத்திருந்தேன். விசிலில் கட்டைவிரல் துளை கிடையாது, மேல் ஸ்தாயிக்குப் போக அழுத்தி ஊதுவதுதான் வழி. இதில் அப்படிப் போனால் கத்தும். வெறுத்துப்போய் ஒரு நண்பரிடம் தள்ளினேன். ஒரு வருடம் கழித்து அவர் கையில் அதே விசில் சாதுவாகப் பாடியது. தலைக்குள், காற்றுப்பாதைக்கு அடியில் இருக்கும் சிறிய பொந்தைச் சுவரில் படம் ஒட்டும் பசையால் நிரப்பியிருந்தார். நான் நம்பவில்லை. உடனே பல்குத்தும் குச்சியால் பசையைத் தோண்டி எடுத்துவிட்டு ஊதச் சொன்னார். கத்தியது. திரும்ப வைத்து ஊதச் சொன்னார். கத்தவில்லை. தலையைச் சுடுநீரில் காட்டித் தளர்த்தி, சற்று வெளியே இழுத்துச் சுருதியும் சேர்த்திருந்தார். திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பதிலுக்கு லோ விசிலைக் கேட்டார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

இரவல் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய இசைக்கருவிகளுக்கு மறுபடி உயிர் கொடுத்த ஆர்னால்ட் டால்மெச் ஞாபகம் வரும். 1919இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பிரெசன் என்ற பழங்காலக் கைவினைஞர் செய்த அவருடைய ரெக்கார்டர் வைத்திருந்த பை தொலைந்துபோனது. அவர் தானே ரெக்கார்டர் செய்ய இறங்கிவிட்டார். எனக்கு அந்தக் கைத்திறன் இல்லை என்பதால், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். சளி பிடித்திருப்பவர் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துப் போகலாம், மரத்தைக் கழுவ முடியாது.

இப்போது கையில் இருக்கும் இரவல், தகரத்தை மடித்துச் செய்த கூம்பு வடிவ விசில், மரக்கட்டை வைத்தது. ராபர்ட் கிளார்க் 1843இல் செய்யத் தொடங்கிய வகை. பாதிக் குரல், பாதிக் காற்று. மூச்சை வாங்கிக்கொண்டே இருக்கிறது, நீண்ட வரிகளின் நடுவில் எனக்குத் திணறுகிறது. பத்து நாள்தான் ஆகிறது. இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குப் பதிலாக இரவல் போயிருப்பது என் ஆல்ட்டோ. எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் அதோடு அனுப்பவில்லை.