ட்வின் டப் வொஷிங் மெஷின்: கருகல் வாசம் வந்தாலும் மலையகத்துக்கு இதுதான் தோது

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் லயத்து இஸ்தோப்பில் வைக்க மெஷின் தேடுகிறவர்களுக்கு 7 கிலோ ட்வின் டப் பெல்ட் மெஷின் நல்ல தெரிவு. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. துவைக்கும் பக்கத்தை மோட்டர் ஒரு ரப்பர் பெல்ட்டால் சுற்றும். நொப்பைத் திருகினால் ஓடுகிற ரகம். பனியிலும் ஈரத்திலும் கெட்டுப்போக உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. இதைப் பற்றி அடிக்கடி வரும் முறைப்பாடு கருகல் வாசம். எந்தத் தொட்டி ஓடும்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்.

துவைக்கும்போது ரப்பர் கருகினால் பெல்ட் வழுக்குகிறது. 7 கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணிக்கான கணக்கு. கம்பளி, ஜேர்சி என்றால் பாதியோடு நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அமுங்கினால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் மோட்டர் போல்ட்களைத் தளர்த்தி, மோட்டரைத் தள்ளிப் பிடித்து இறுக்கலாம். பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கி, கீழே கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் பெல்ட்டையே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கிட்டத்தட்ட இதே சைஸ் என்று தருவது மறுபடி வழுக்கும்.

பிழியும் பக்கம் மட்டும் வாசம் வந்தால் பிரேக்கைப் பாருங்கள். மூடியை மூடும்போது ஒரு கம்பி பிரேக் கட்டையை இழுத்து விலக்க வேண்டும். கம்பி நீண்டாலோ துருவேறினாலோ கட்டை முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். கம்பியை இழுத்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். இதற்கே மோட்டர் போய்விட்டது என்று பில் போடுகிறவர்களும் உண்டு!

மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை, வார்னிஷ் கருகும் வாசம் வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, துவைக்கும் தொட்டியின் அடியில் சுற்றுகிற தட்டைக் கையால் திருகுங்கள். இறுகினால் அடியில் காலுறையோ காசோ சிக்கியிருக்கலாம். நடு ஸ்க்ரூவைக் கழற்றி எடுங்கள். இலகுவாகச் சுற்றினால், மோட்டர் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரில்தான் சந்தேகம். மாற்றும்போது மேலே அச்சிட்ட மைக்ரோபரட் அளவு அப்படியே பொருந்த வேண்டும், வோல்ட் குறையக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் கரண்ட் தங்கும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

பொழுதுபட்டு வீட்டுக்கு வீடு ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போடும் நேரத்தில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால், மோட்டரின் இழுவை ஐந்தில் மூன்று பங்காகிவிடும். நல்ல மெஷினும் அப்போது சூடாகும். கம்பளியைப் பகலில் துவையுங்கள். பிளாஸ்டிக் கருகினால் மெஷினை விட்டுவிட்டு, பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள்.

பெரிய குறை, பல மாடல்களில் அடிப்பக்கம் திறந்தே கிடப்பது. எலி புகுந்து வயரைக் கடித்துவிடும். கம்பி வலை அடியுங்கள். பலகை வைத்து அடைத்தால் மோட்டருக்குக் காற்றுப் போகாது.