செர்ரி வைப்பதா, செர்ரி என்று பேர் வாங்கியதை வைப்பதா?

போன கோடையில் தளியிலிருந்து மச்சான் போன் போட்டான். "மாமா, பெங்களூர்ல கைக்கு அடங்குற ஒரு டப்பா செர்ரி என்ன விலை தெரியுமா? இங்க ரோஜா வருது, கார்னேஷன் வருது, செர்ரி மட்டும் வராதா?" கேட்டதில் தப்பில்லை. ஓசூர், தளிப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மார்கழிக் காலையில் எதிரே வருகிற வண்டி தெரியாத பனி, வெள்ளைக்காரன் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டுப் போன ஊர் வேறு. நான் தர்மபுரிக்காரன், பென்னாகரம் ரோட்டில் கொஞ்சம் செம்மண் நிலம் இருக்கிறது. செர்ரி என்ற பேரில் விற்கிற செடிகளில் மூன்றை வைத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அசல் செர்ரி, அதாவது காஷ்மீரிலிருந்தும் சிம்லாவிலிருந்தும் மே, ஜூனில் வருகிறதே அது. இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் மழையைத்தான் காட்டுவார்கள். உண்மைதான். பழுக்கிற சமயத்தில் மழை பிடித்தால் பழம் தோல் வழியாகவும் தண்ணீரைக் குடிக்கும், உள்ளே சர்க்கரை ஏறியிருப்பதால் இழுக்கவும் செய்யும், தோல் தாங்காமல் வெடித்துவிடும். வெடித்த இடத்தில் பூஞ்சணம் உட்கார்ந்து பழுப்பாக அழுகும், ஒரு பழத்திலிருந்து கொத்து முழுக்கப் பரவும். ஈரம் ஓயாத இடத்தில் கிளையில் பிசின் வடிந்து காய்கிற பாக்டீரியா நோய் தனி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்காரர்கள் மழை விட்டதும் ஹெலிகாப்டரைத் தோட்டத்துக்கு மேல் தாழப் பறக்கவிட்டுப் பழத்தை உலர்த்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஹர்டாங்கர் பக்கம் மழை கொட்டுகிற கடலோரத்திலேயே செர்ரி எடுக்கிறார்கள், ஆனால் வரிசைக்கு வரிசை பிளாஸ்டிக் பந்தல் போட்டு. ஆக மழைக்கு வழி இருக்கிறது. காசு கேட்கும், அவ்வளவுதான். பாலிஹவுஸ் போட்டுப் பழகிய ஓசூர்க்காரனுக்கு அது ஒரு மலைப்பே இல்லை.

வழியில்லாதது குளிர்தான். செர்ரி மொட்டு தூங்கி எழ வேண்டும், அதற்கு 7 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான ரகங்களுக்கு 700 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். 1,000 மணி என்றாலே இரவு பகல் விடாமல் 41 நாளுக்கு மேல். தளியில் தை மாதக் குளிரில் சுவெட்டர் போடுகிறோமே தவிர, பாதரசம் 10 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம், அதுவும் வெயில் ஏறுகிற வரைக்கும்தான். அந்தக் குளிர் கிடைக்காத மரம் செத்துவிடாது, அதுதான் ஏமாற்று. ஒரு கிளையில் இலை விடும், இன்னொரு கிளை மொட்டையாக நிற்கும், பூ நாலு வந்தால் வரும், நாமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். கலிபோர்னியாவில் உருவாக்கிய மின்னி ராயல், ராயல் லீ போன்ற குறைந்த குளிர் ரகங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஜோடியாக வைத்தால்தான் காய் பிடிக்கும். அவையும் சில நூறு மணி குளிர் கேட்கிறவைதான். சமவெளியில் ஆப்பிள் காய்த்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் செர்ரிக்கும் அதே கணக்கைப் போடாதீர்கள்.

சரி, அடுத்தது பார்படோஸ் செர்ரி. நர்சரியில் மேற்கிந்திய செர்ரி என்றும் கேட்கலாம். அசல் செர்ரிக்கு இது சொந்தமே இல்லை, வேறு குடும்பம், உள்ளே ஒரு கொட்டைக்குப் பதில் மூன்று விதை. ஆனால் நம் மண்ணுக்கு நான் ஓட்டுப் போடுவது இதற்குத்தான். காரணம் அதே மழை. அசல் செர்ரியை எந்த மழை வெடிக்க வைக்குமோ, அந்த மழைதான் இதைப் பூக்க வைக்கிறது. கோடையில் காய்ந்து நிற்கிற செடி, ஒரு நல்ல மழை விழுந்ததும் இளஞ்சிவப்புப் பூவாக வெடிக்கும், பூத்து மூன்று நாலு வாரத்தில் பழம் சிவந்துவிடும், வருஷத்தில் இப்படிப் பல தடவை. 100 கிராம் பழத்தில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஆரஞ்சில் சுமார் 50தான். குறையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு என்று சொல்ல முடியாது, புளிப்பு தூக்கல். பூத்த அளவுக்குக் காய் பிடிக்காது, என் செடியில் கை நிறையப் பூ உதிர்ந்தால் விரல் விட்டு எண்ணுகிற காய்தான் நிற்கும். மணல் பாங்கான மண்ணில் வேரில் நூற்புழு வரும். எல்லாவற்றையும் விட, பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, கிருஷ்ணகிரி மாங்காய் மாதிரி லாரியில் ஏற்றி அனுப்புகிற சரக்கு இல்லை. வீட்டுக்கும், ஜூஸ் கடை ஒன்று பக்கத்தில் இருந்தால் அதற்கும் சரி.

சுரினாம் செர்ரி பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டிப் பூசணி மாதிரி வரி வரியாக அழகாக இருக்கும், நன்றாகக் கறுத்துச் சிவக்கும் முன் பறித்தால் பிசின் வாடை நாக்கை விட்டுப் போகாது. என் மகள் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைக் கோழிக்குப் போட்டாள்.

அப்புறம் என் வீட்டுக் கதை. 450 ரூபாய்க்குச் 'செர்ரி ஒட்டுக்கன்று' என்று ஆன்லைனில் ஒருத்தர் விற்றதை வாங்கி நட்டேன். ஒரே வருஷத்தில் என் தலைக்கு மேலே போய்க் குடை விரித்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. காய்த்ததும் பார்த்தால் தேன்பழம்! பள்ளிக்கூடத்து நிழலில் பொறுக்கித் தின்றோமே, அதே பழம். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் கசகசே ஹண்ணு என்பார்கள், உள்ளே விதை கசகசா மாதிரி இருப்பதால். சிங்கப்பூர் செர்ரி என்று இதற்கு ஒரு பேர் உண்டு என்று விற்றவர் விளக்கம் சொன்னார். பறவை எச்சத்திலேயே சும்மா முளைக்கிற மரத்துக்கு 450 ரூபாய். ஆனால் குழந்தைகளுக்கும் வௌவாலுக்கும் இதை மிஞ்சின மரம் கிடையாது, வெட்ட மனசு வரவில்லை.

கடைசியாக, காசுக்கு என்று கேட்டால் களா. சிரிக்காதீர்கள். பேக்கரிக் கேக்கின் மேலும், கல்யாண பீடாவில் குச்சி குத்தியும் 'செர்ரி' என்று நாம் தின்பதில் பெரும்பகுதி, கொட்டை நீக்கிப் பாகில் ஊறவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றிய களாக்காய்தான். நம் கரட்டில் தானாகவே வளர்கிற செடி, மானாவாரியில் நிற்கும், வரப்பில் நெருக்கி வைத்தால் முள்வேலிச் செலவு மிச்சம், ஆடி ஆவணி வாக்கில் காய். பறிக்கும்போது முள்ளும் கையில் ஒட்டுகிற பாலும்தான் தொல்லை. காயாக அப்படியே தின்னப் புளிப்பு அதிகம், ஊறுகாய்க்கு அருமை. வாங்க ஆள் யார் என்று முதலில் பேசி வைத்துக்கொண்டு நடுங்கள்.

மச்சானுக்குச் சொன்ன முடிவு இதுதான்: வீட்டை ஒட்டி ஆறு பார்படோஸ் செர்ரிப் பதியன், வேலி ஓரம் களா, அசல் செர்ரி வேண்டுமென்றால் பெங்களூர் டப்பா. "டப்பாவே வாங்கித் தின்னுன்னு சொல்லவா மாமா இவ்வளவு நேரம்?" என்றான்.

எது வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இலையைப் பாருங்கள். அசல் செர்ரி இலை கிளையில் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருக்கும், ஓரம் ரம்பப்பல், காம்பில் இலை தொடங்குகிற இடத்தில் சின்னச் சிவப்பு முடிச்சு இரண்டு தெரியும். பார்படோஸ் செர்ரியில் இலைகள் எதிரெதிராக, ஓரம் வழவழப்பாக இருக்கும். தேன்பழத்துக்கும் ரம்பப்பல் உண்டு, அதில்தான் நான் ஏமாந்தேன். தடவிப் பார்த்தால் வெல்வெட் மாதிரி முடியும் லேசான பிசுபிசுப்பும், அடியில் ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறிய கோணல் இலையும் காட்டிக் கொடுத்துவிடும்.