வினாநிரலா, சோதனையா, வாய்மொழியா: பகாவ் தோட்டப்புறத்தில் ஆய்வு செய்ய வருவோருக்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக ஊர் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே கருவியோடுதான் வருகிறார்கள். அது ஐந்து கட்டங்கள் போட்ட வினாநிரல். வேளாண்மை படிப்பவரும் அதையே நீட்டுகிறார். வரலாறு படிப்பவரும் அதையே நீட்டுகிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், இவர்களை லயத்து வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு மாணவி, ரப்பர் பால்வெட்டிலும் பிறகு செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையிலும் உழைத்து ஓய்ந்த ஒரு பாட்டியிடம், “தோட்ட வாழ்க்கை மனநிறைவு அளித்தது” என்ற வாக்கியத்தைப் படித்துக் காட்டி, எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள் என்று கேட்டார். பாட்டி அந்தத் தாளையும் மாணவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எதுல போட்டா ஒனக்குப் பாஸ் கெடைக்கும்? அதுலயே போட்டுக்கம்மா” என்றார். பாட்டியின் அன்பு அந்தத் தாளில் ‘உடன்படுகிறேன்’ என்ற நான்காம் கட்டத்துக் குறியாகப் பதிவானது. அன்றுதான் ஆய்வு முறைகளை ஒன்றோடொன்று வைத்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

வினாநிரலை நான் ஒதுக்கவில்லை. எத்தனை வீடுகளுக்குச் சொந்த மனைப்பத்திரம் உண்டு, எத்தனை பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியை முடித்தார்கள் என எண்ணித் தீர்க்கக்கூடிய கேள்விகளுக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வாழ்ந்த வாழ்க்கையின் பொருளைக் கேட்கும்போதுதான் அது உதவாமல் போகிறது.

கவனிப்புக்கும் சோதனைக்கும் உள்ள போட்டி இதைவிட ஆழமானது. அதற்கு நம் நெகிரி செம்பிலானே சிறந்த சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று போனார்கள். அதே மண்ணில் வாழ்ந்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. இங்கே அரசு மருத்துவராக இருந்த பிராடன், சீனர்கள் உண்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி என்பதையும், தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி என்பதையும் கவனித்து, நோயின் வேர் சோற்றுப் பானையில் இருக்கிறது என்று கூறினார். நம் பாட்டிமார் விடாமல் பற்றியிருந்த சோறு இவ்வாறு மருத்துவச் சான்றாகியது. ஆனால் கவனிப்பு அவரைப் பாதி வழி வரைதான் கொண்டு சென்றது. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் காரணம் சொன்னார்; அது பிழை.

சீனருக்கும் தமிழருக்கும் வேறுபட்டது அரிசி மட்டுமா? வேலை வேறு, வீடு வேறு, பழக்கம் வேறு. இந்த முடிச்சைக் கவனிப்பால் மட்டும் அவிழ்க்க இயலாது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் எண்ணி, ஒற்றைப்படை எண்காரருக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். கட்டடம்தான் காரணமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு தரப்பினரையும் இடம் மாற்றினார். நோய் பச்சரிசி உண்டவர்களையே பின்தொடர்ந்தது. 1907 முதல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இவ்வாறே அரிசியை மாற்றிப் பார்த்தனர். நஞ்சு ஏதுமில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது என்ற முடிவு அவர்களுடைய ஆய்விலிருந்து உருவாயிற்று. நெல்லை உமியோடு அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் புழுங்கலின் பலம். காரணத்தை நிறுவுவதில் சோதனைக்கு நிகர் இல்லை என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மருத்துவமனையில் பச்சரிசித் தட்டு யாருக்கு வைக்கப்பட்டதோ, அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்களில் பலர் இறந்தார்கள். அத்தகைய சோதனையை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

வேளாண்மையில் இந்தத் தடை குறைவு. மரம் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. செம்பனையில் காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பியதால், காய்ப்பிடிப்பு குறைந்த தோட்டங்களில் பெண்பூங்குலைகளுக்குக் கையால் மகரந்தப்பொடி தூவ ஆள் வைத்தார்கள். பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். ரகுமான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குச் சென்று பார்த்தபோது, பூச்சிகள் அண்டாமல் மூடி வைத்த குலைகள் சரியாகக் காய்ப்பதில்லை என்று கண்டார். மகரந்தத்தைச் சுமக்கும் அங்குள்ள சிறு வண்டு மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்துத் தெளிந்த பின்னரே, 1981இல் இங்கே அது பறக்கவிடப்பட்டது. பொடி தூவும் வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது. கவனிப்பும் சோதனையும் ஒரே ஆளின் கையில் அடுத்தடுத்து வந்ததே இதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து.

வரலாற்றில் நிலைமையே வேறு. நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க வழியில்லை. அங்கே போட்டி ஆவணத்துக்கும் வாய்மொழிக்கும் இடையில்தான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியப் படையால் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில்பாதை போடப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே இறந்த போர்க்கைதிகளின் பெயர்களைத் தாய்லாந்தின் கஞ்சனபுரிக் கல்லறையில் வரிசை வரிசையாகப் படிக்கலாம். நம்மவருக்கு அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. ஆவணத்தை மட்டும் நம்பும் ஆய்வாளர் அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே காண்பார். அந்த எண்ணிக்கையும் நூலுக்கு நூல் மாறும். இத்தகைய இடத்தில் வாய்மொழியைத் துணைச் சான்று என்று தாழ்த்துவதை நான் ஏற்கமாட்டேன். அதன் குறை எனக்குத் தெரியாததன்று: நினைவு ஆண்டுகளைக் குழப்பும், பிறர் சொன்ன கதையைத் தன் கதையோடு சேர்க்கும். ஆயினும் அந்தக் குறையைச் சரிபார்க்க வழி உண்டு. ஏட்டில் எழுதப்படாத பெயரை வரவழைக்க வழியே இல்லை.

அந்த மாணவி மறுவாரம் வினாநிரல் இல்லாமல், ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி மட்டும் கொண்டுவந்தார். பாட்டி இரண்டு மணிநேரம் பேசினார். பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நாலரை மணிக்கு எழுந்தது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டது, செம்பனைப் பூவுக்குப் பொடி தூவியது எல்லாம் வந்தன. அந்த வேலை எப்போது நின்றது என்று கேட்டபோது ஆண்டு அவருக்கு நினைவில்லை. “மூத்தவ அப்ப மூணாவது படிச்சா. ஒரு நாளு கிராணி வந்து, இனிமே பூச்சியே பாத்துக்கும், நீங்க வர வேணாம்னாரு” என்றார். கிராணி என்பவர் தோட்டத்து எழுத்தர். மூத்த மகளின் பிறப்புப் பத்திரம் அலமாரியில், ஒரு நெகிழிப் பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் 1973 என்று இருந்தது. ஒன்பது வயதில் மூன்றாம் வகுப்பு என்றால் 1982. மாணவி தம் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதினார்: பூச்சி வந்தது 1981, பாட்டிக்கு வேலை போனது 1982.